பாகு வெள்ளம், காணாமல் போன ஏரி, கரை ஒதுங்கிய வாத்துகள்

கேள்வி: சர்க்கரைப் பாகு வெள்ளத்தில் ஆட்கள் செத்தார்கள் என்பது உண்மையா? பாகு மெதுவாகத்தானே ஓடும், ஓடித் தப்பியிருக்கலாமே?

பதில்: உண்மைதான். 1919 ஜனவரி 15, அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். சுமார் 15 மீட்டர் உயரமுள்ள தொட்டியில் 87 லட்சம் லிட்டர் மொலாசஸ், அதாவது கெட்டியான சர்க்கரைப் பாகு, இருந்தது. கரண்டியிலிருந்து வழியும் பாகை நினைத்துக்கொண்டுதான் நீங்கள் கேட்கிறீர்கள். இங்கே தொட்டியே பிளந்துவிட்டது. தண்ணீரைவிடக் கனமான பாகு மொத்தமாகச் சரிந்து, மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தெருவில் பாய்ந்தது. வீடுகள் பெயர்ந்தன, மேம்பால ரயில் பாதையின் இரும்புத் தூண்கள் வளைந்தன. வேகம் தணிந்ததும் குளிரில் பாகு இறுகியதால், உள்ளே சிக்கியவர்களை வெளியே இழுப்பதே பெரும்பாடாகிவிட்டது. 21 பேர் இறந்தார்கள்.

அந்தத் தொட்டி கட்டிய நாளிலிருந்தே கசிந்துகொண்டிருந்தது. கசிவதை அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பாத்திரத்தில் பிடித்துப் போவார்களாம். தொட்டியின் சொந்தக்கார நிறுவனம் செய்ததெல்லாம், கசிவு கண்ணுக்குத் தெரியாதபடி தொட்டிக்குப் பழுப்பு வண்ணம் அடித்ததுதான். தகடுகள் இருக்க வேண்டிய கனத்தில் இல்லை. விபத்துக்குப் பிறகு, யாரோ குண்டு வைத்துவிட்டார்கள் என்று நிறுவனத்தார் வழக்கில் வாதாடினார்கள்; அது எடுபடவில்லை. இதைச் சிரிப்புச் செய்தியாகப் பகிர்வதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கேள்வி: கடலில் விழுந்த ரப்பர் வாத்துகள் உலகம் சுற்றியது நிஜமா?

பதில்: நிஜம். ஆனால் அவை பிளாஸ்டிக் பொம்மைகள். வாத்துகளோடு ஆமை, தவளை, பீவர் பொம்மைகளும் இருந்தன. 1992 ஜனவரியில் பசிபிக் புயலில் ஒரு கப்பலிலிருந்து கன்டெய்னர் விழுந்து, 28,800 பொம்மைகள் மிதக்க ஆரம்பித்தன. சுமார் பத்து மாதம் கழித்து முதல் தொகுதி அலாஸ்காவில் கரை ஒதுங்கியது. எங்கே, எப்போது ஒதுங்கின என்பதை வைத்துக் கடல் நீரோட்டங்களை ஆராய்ந்தார்கள்.

கேள்வி: ஓர் ஏரி ஓட்டை விழுந்து வடிந்துபோனது என்று படித்தேன். நம்பலாமா?

பதில்: தாராளமாக நம்பலாம். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள பென்யூர் ஏரி, 1980 நவம்பர் 20. எண்ணெய் தேடி ஏரியில் துளையிட்டார்கள். அடியில் உப்புச் சுரங்கம் இருந்தது. துளை சிறியதுதான், சுமார் 35 சென்டிமீட்டர். ஆனால் தண்ணீர் பட்டால் உப்பு கரையுமே! கரையக் கரைய வாய் அகன்று, பெரிய சுழல் உண்டானது. துளையிட்ட மேடையும் 11 சரக்குத் தோணிகளும் அதற்குள் போயின. கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த கால்வாய் திசை மாறி ஏரிக்குள் கொட்ட, நன்னீர் ஏரி உப்பேரியானது. சில நாளில் ஒன்பது தோணிகள் மேலே வந்து மிதந்தன. சுரங்கத்துக்குள் தண்ணீர் வருவதைப் பார்த்தவுடனே எச்சரிக்கை கொடுத்ததால் தொழிலாளர் அத்தனை பேரும் மேலே ஏறிவிட்டார்கள். மனித உயிர் ஒன்றுகூடப் போகவில்லை. இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த தகவல் அதுதான்.

கேள்வி: கணக்குத் தப்பால் விமானத்துக்கு நடுவானில் எரிபொருள் தீர்ந்ததாமே?

பதில்: 1983 ஜூலை 23, கனடா. நாடு மெட்ரிக் அளவைக்கு மாறிக்கொண்டிருந்த காலம். புத்தம்புது போயிங் 767 விமானத்தில் எரிபொருள் மானி வேலை செய்யவில்லை. சரி, லிட்டரை எடையாக மாற்றிப் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். லிட்டருக்கு 1.77 கிலோ என்று எடுத்துக்கொண்டார்கள். அது பவுண்டுக்கான எண். கிலோ என்றால் 0.8தான் வரும். ஆக, தேவையில் பாதிகூட இல்லாமல் விமானம் கிளம்பியது. 41,000 அடி உயரத்தில் இரண்டு என்ஜின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

விமானிக்குக் கிளைடர் என்ற என்ஜின் இல்லா விமானத்தை ஓட்டிய அனுபவம் இருந்தது. கிம்லி என்ற இடத்திலிருந்த பழைய விமானப்படைத் தளத்தை நோக்கி மிதந்தபடியே இறங்கினார். அந்த ஓடுபாதை கார் பந்தயத் தடமாக மாறியிருந்தது. அன்றைக்குப் பந்தய நாள், குடும்பம் குடும்பமாக ஆட்கள் கூடியிருந்தார்கள். முன்சக்கரம் மடங்கி, மூக்கு தரையில் உரசி விமானம் நின்றது. 69 பேரும் பிழைத்தார்கள். மூக்கில் பற்றிய சிறு தீயை, கையில் தீயணைப்பானோடு ஓடிவந்த பந்தயக்காரர்கள் அணைத்தார்கள்.