எடிசன் ஊர்த் தம்பிக்கு: அந்த செல்ஃப்-பேஸ்டு கணக்கு வகுப்பு பற்றி

பெரியப்பா போட்ட மனுவில் அப்பா அம்மாவோடு கிரீன் கார்டில் நியூ ஜெர்சி வந்திருக்கிறாய். பகலில் கேஸ் ஸ்டேஷன் வேலை. கம்யூனிட்டி காலேஜ் என்னும் இரண்டு வருடக் கல்லூரியில் அக்கவுண்டிங் சேரப் போனால், எந்த வகுப்பில் போடலாம் என்று பார்க்கும் அக்யூப்ளேசர் தேர்வில் கணக்கு மார்க் குறைந்து, டெவலப்மெண்டல் மேத், அதாவது கல்லூரிக் கணக்குக்கு முந்தைய அடிப்படை வகுப்பு, எடுக்கச் சொல்கிறார்கள். வாரம் இரண்டு நாள் போய் உட்காரும் வகுப்பா, கம்ப்யூட்டரில் உன் வசதிப்படி முடித்துக்கொள்ளும் செல்ஃப்-பேஸ்டு வகுப்பா என்று குழம்பிப் போய்க் கேட்டிருக்கிறாய். கூடவே பழைய கார், குளிர் ஜாக்கெட், கிரெடிட் கார்டு என்று ஒரு பட்டியல். காருக்கும் ஜாக்கெட்டுக்கும் பதில் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். கணக்கு வகுப்பைப் பற்றிச் சொல்ல நம்மில் ஆள் குறைவு. அந்த வழியாக வந்தவர்கள் அதை வெளியே சொல்ல மாட்டார்கள். நான் சொல்வேன். வயதில் சின்னவன் என்பதால் நீ என்றே எழுதுகிறேன், தப்பாக நினைக்காதே.

நான் அருப்புக்கோட்டைக்காரி. பிளஸ் டூவில் வரலாறு குரூப், பத்தாம் வகுப்போடு கணக்குக்குக் கும்பிடு போட்டவள். 2012ல் கல்யாணமாகி வர்ஜீனியா வந்தேன். வீட்டுக்காரர் ஹோட்டல் கிச்சனில் வேலை; சாஃப்ட்வேர் இல்லை. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே தமிழர் விருந்துக்குப் போனால் முக்கால்வாசிப் பேர் இன்ஜினியர்கள். நான் பின்னம் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னதும் ஒரு அம்மாள், "நம்மாளுங்களுக்குக் கணக்கு வராமப் போகுமா, சும்மா விளையாடாதே" என்று சிரித்தார். அவர் மகன் ஒன்பதாம் வகுப்பிலேயே கால்குலஸ் படிக்கிறானாம். இந்தியர் என்றால் கணக்குப் புலி என்று வெள்ளைக்காரன் நினைப்பது போதாதென்று நம்மவர்களும் நம்பிவிட்டார்கள். உனக்கும் அந்தப் பேச்சு வரும். இட்லியைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டில் எது என்று யோசிப்பதற்கு முன்னால், இரண்டுமே வேண்டாமா என்று பார். அக்யூப்ளேசரை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டதாக நீயே எழுதியிருக்கிறாய். அந்தத் தேர்வுக்கு நேரக் கெடுவே கிடையாது தம்பி. நம் ஊர்ப் பரீட்சைப் பழக்கத்தில் மணி அடித்துவிடும் என்று ஓடியிருக்கிறாய். நீ போடும் விடைக்கு ஏற்ப அடுத்த கேள்வியின் கடினம் மாறுகிற தேர்வு அது. அவசரத்தில் தப்பாகப் போட்டால் கீழேதான் இறக்கும். மறுபடி எழுத விடுவார்களா என்று டெஸ்டிங் சென்டரில் கேள். அந்தத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டே இலவசப் பயிற்சி வைத்திருக்கிறது, அதைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போ. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மார்க் ஷீட்டுகளையும் கையில் கொண்டு போ. பள்ளி மார்க்கை வைத்தே தேர்விலிருந்து விலக்குத் தரும் கல்லூரிகள் இப்போது நிறைய. வெளிநாட்டு மார்க் ஷீட் என்றால் மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றின் அறிக்கை கேட்பார்கள், அதற்குப் பணம் ஆகும். ஆனால் ஒரு செமஸ்டர் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய காசு இல்லை.

அப்புறம் கோரெக்விசிட் உண்டா என்று கேள். கல்லூரிக் கணக்கையே நேராக எடுத்துக்கொண்டு, கூடவே ஒரு துணை வகுப்பில் அடிப்படையையும் சரிசெய்துகொள்வது. டென்னசி 2015லேயே முழுக்க இதற்கு மாறியது. டெக்சாஸ் 2017ல் சட்டம் போட்டது. அதே ஆண்டு கலிஃபோர்னியாவும் மாணவரைத் தேவையில்லாமல் கீழ் வகுப்பில் தள்ளக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. ஏன் இத்தனை மாநிலங்கள் மாறின? கீழ் வகுப்பில் போட்டவர்களில் பெரும்பாலோர் மேலே ஏறி வரவே இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆய்வு மையம் ஒன்று 2010ல் கணக்கெடுத்தபோது, டெவலப்மெண்டல் கணக்குக்கு அனுப்பப்பட்டவர்களில் மூன்றில் ஒருவர்தான் அந்தப் படிகளை முழுக்க முடித்திருந்தார்கள். எல்லாரும் ஃபெயில் ஆனார்கள் என்று நினைத்துவிடாதே. நிறையப் பேர் சேரவே இல்லை, அல்லது ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்கு வரவில்லை. நடுவில் வேலை மாறும், குழந்தை பிறக்கும், கார் நின்றுவிடும்.

எந்த வழியும் இல்லை, எடுத்தே ஆக வேண்டும் என்று வந்தால் அப்போது செல்ஃப்-பேஸ்டு பற்றிப் பேசலாம். இதில் எனக்கு அனுபவம் உண்டு. நான் வந்த வருடம்தான் வர்ஜீனியா கம்யூனிட்டி காலேஜ்களில் கணக்கை ஒரு கிரெடிட் (கல்லூரிப் பாடத்தை அளக்கும் அலகு) வீதம் ஒன்பது துண்டாக வெட்டியிருந்தார்கள். பின்னம் முதல் துண்டு, தசமமும் சதவீதமும் இரண்டாவது, அப்படியே ஏறி இருபடிச் சமன்பாட்டில் முடியும். முதலில் ஒரு தேர்வு வைத்து எந்தத் துண்டு தெரியாதோ அதை மட்டும் படித்தால் போதும். படிப்பைப் பொறுத்தும் தேவை மாறும். விஞ்ஞானம் படிப்பவருக்கு எல்லாம் வேண்டும், மற்றவர்களுக்குக் குறைவு. அந்த முறை இப்போது அங்கே இல்லை, எடுத்துவிட்டார்கள். ஆனால் யோசனை மோசமில்லை. தெரிந்ததையே திரும்பப் படிக்க வைக்காதது நல்லதுதானே.

எங்கள் லேபில் வரிசையாகக் கம்ப்யூட்டர். காதில் ஹெட்ஃபோன், திரையில் ஒரு கணக்கு, கீழே விடை அடிக்க ஒரு சின்னப் பெட்டி. அந்தப் பெட்டிதான் முதல் எதிரி. எட்டில் ஆறு என்று அடித்தால் சிவப்பு; நாலில் மூன்று என்று சுருக்கி அடித்தால்தான் பச்சை. கலப்புப் பின்னத்தைத் தகாப் பின்னமாக அடித்தாலும் சிவப்பு. கணக்கு சரி, அடித்த விதம் தப்பு. தாளில் வழிமுறை எழுதினால் ஆசிரியர் பாதி மார்க்காவது போடுவார், இது போடாது. அப்புறம் காசுக் கணக்கு: ஒரு ஜாடியில் நிக்கலும் டைமும் சேர்த்து 30 காசுகள், மொத்த மதிப்பு 2 டாலர் 20 சென்ட், டைம் எத்தனை? சமன்பாடு எனக்கு வந்தது, ஆனால் எது எத்தனை சென்ட் என்று தெரியவில்லை. பெரிதாக இருக்கும் நிக்கல் 5 சென்ட், அதைவிடச் சின்னதாக இருக்கும் டைம் 10 சென்ட். இந்த நாட்டில் இப்படித்தான். நீ கேஸ் ஸ்டேஷனில் சில்லறை எண்ணுகிறவன், 14 என்று மனசிலேயே போட்டிருப்பாய்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் எதைக் கவனிக்க வேண்டும் என்பது புரியும். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 1997ல், மூடிப்போன ஒரு டிபார்ட்மெண்ட் ஸ்டோர் கட்டடத்தில் ஐந்நூறு கம்ப்யூட்டர்களைப் போட்டு மேத் எம்போரியம் என்று திறந்தது. மாணவனுக்குச் சந்தேகம் வந்தால் மானிட்டர் மேல் சிவப்புக் கப்பை வைப்பான், சுற்றிக்கொண்டே இருக்கும் உதவியாளர் வந்து நிற்பார். இதைப் பார்த்துத்தான் கம்யூனிட்டி காலேஜ்களும் வரிசையாக இறங்கின. அங்கே உயிர் அந்தச் சிவப்புக் கப்பில் இருந்தது. காப்பியடித்த பல இடங்களில் கம்ப்யூட்டரை வாங்கினார்கள், கப்பைப் பார்த்து வரும் ஆளுக்குச் சம்பளம் ஒதுக்கவில்லை. டெக்சாஸில் டாரண்ட் கவுண்டி காலேஜில் இப்படித் துண்டு துண்டான, சொந்த வேக வகுப்பையும் பழைய வகுப்பையும் குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்துப் போட்டு எம்டிஆர்சி என்ற நிறுவனம் ஒப்பிட்டுப் பார்த்தது. சொந்த வேக வகுப்பு மேல் என்று சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. அங்கே உதவிக்கு ஆள் வைத்திருந்தும் அப்படித்தான்.

ஆகவே நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி, லேபில் ஆள் இருக்கிறாரா, எத்தனை மணி வரை. மாலை ஆறு மணிக்குப் பூட்டினால் ஷிப்ட் முடித்து வரும் உனக்கு என்ன பிரயோஜனம்?

இரண்டாவது, பணம். உன் வேகத்தில் படிக்கலாம் என்பார்கள், ஆனால் செமஸ்டர் அதன் வேகத்தில்தான் போகும். டிசம்பரில் முடியாவிட்டால் பல இடங்களில் மறுபடி பதிவு செய்து, மறுபடி பணம் கட்ட வேண்டும். விட்ட இடத்திலிருந்து தொடர விடுவார்களா, முதலிலிருந்தா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், எழுத்தில் கேட்டு வாங்கு. இந்தக் கிரெடிட் எதுவும் டிகிரியில் சேராது. கிரீன் கார்டு இருப்பதால் உனக்குப் பெல் கிராண்ட், அதாவது திருப்பிக் கட்ட வேண்டாத அரசாங்க உதவிப் பணம், கிடைக்கலாம்; அதற்கான ஃபாஃப்சா விண்ணப்பத்தைப் போடு. ஆனால் டெவலப்மெண்டல் வகுப்புக்கு 30 செமஸ்டர் கிரெடிட் வரைதான் அந்த உதவி செல்லும். பெல் கிராண்டே வாழ்நாளில் 12 முழு செமஸ்டர்தான். எடுத்த கிரெடிட்டில் மூன்றில் இரண்டு பங்காவது முடிக்காவிட்டால் பெரும்பாலான இடங்களில் உதவிக்கே எச்சரிக்கை வந்துவிடும். எனக்கு அமைந்த அட்வைசர் இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை; சிரித்த முகத்தோடு ஒரு வண்ணக் காகிதத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார். சாஃப்ட்வேருக்குள் நுழைய ஒரு அக்சஸ் கோடு வேண்டும், மைமேத்லேப்போ அலெக்ஸோ. கட்டணத்தில் அடக்கமா, தனியாக வாங்கணுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்.

அலெக்ஸ் என்றால் ஒரு எச்சரிக்கை. ஒரு வட்டப் படம் காட்டும், நீ கற்றது ஏற ஏற நிறம் நிரம்பும். மகிழ்ச்சியாக இருக்கும். திடீரென்று நாலெட்ஜ் செக் என்று ஒரு தேர்வு வைத்து, நினைவில் இல்லாததைப் பிடுங்கிக்கொள்ளும். நேற்று நிரம்பிய வட்டம் இன்று குறைந்திருக்கும். மனசு விட்டுப் போகாதே, அது அப்படித்தான் வேலை செய்கிறது.

இன்னொன்று. வீட்டுப்பாடத்தை ஃபோட்டோமேத்தில் படம் பிடித்து விடையைப் போட்டுவிடலாம் என்று யாராவது ஒரு அண்ணன் உனக்குச் சொல்லித் தருவான். நம் ஆட்களில் இந்தக் கெட்டிக்காரத்தனத்துக்குப் பஞ்சமில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு வீட்டுப்பாடம் முழுக்க அவள் கணவரே போட்டார். இன்ஜினியர், நிமிடத்தில் முடித்துவிடுவார். லேபுக்கு வந்து உட்கார அவளுக்குக் கூச்சம், தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களாம். பகுதித் தேர்வு மட்டும் டெஸ்டிங் சென்டரில், ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டு, அவர்கள் கொடுக்கும் வெற்றுத் தாளில் போட வேண்டும். 80 சதவீதம் வாங்கினால்தான் அடுத்த பகுதி திறக்கும். அவளுக்குத் திறக்கவே இல்லை. அந்தக் கணவர் இன்றைக்கும் சாஃப்ட்வேரைத்தான் குறை சொல்கிறார்.

எனக்குத் துணையாக இருந்தது ஒரு எத்தியோப்பியப் பெண்மணி. இரவெல்லாம் ஆபீஸ்களைச் சுத்தம் செய்துவிட்டு நேராக லேபுக்கு வருவார். நான் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருவேன். தினம் ஒன்பதிலிருந்து பதினொன்று, பக்கத்துப் பக்கத்து நாற்காலி. யாராவது வராவிட்டால் மற்றவர் ஃபோன் பண்ண வேண்டும் என்று பேச்சு. வசதிப்படி படிக்கலாம் என்ற வகுப்பை நாங்கள் இரண்டு பேரும் வசதியே இல்லாத வகுப்பாக மாற்றிக்கொண்டோம். அவருக்கு என்னைவிட அல்ஜிப்ரா நன்றாக வரும், எனக்குப் பின்னம். அவர் தன் ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றித் தருவார், நம் டிகிரி காபிக்குப் பழகிய நாக்குக்கே அது தூக்கிப்போடும். சீக்கிரம் முடித்தால் அதே செமஸ்டரில் அடுத்த துண்டுக்குப் போகலாம் என்பதால், இரண்டு பேரும் பணத்தை மிச்சம் பிடித்தோம். அங்கிருந்து ஸ்டாட்டிஸ்டிக்ஸ், கெமிஸ்ட்ரி, மெடிக்கல் லேப் படிப்பு. இன்றைக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. கரைசல் நீர்த்தல் கணக்கைப் புதிதாக வரும் பட்டதாரிப் பிள்ளைகளுக்கு நான்தான் சொல்லித் தருகிறேன். அந்த விருந்து அம்மாளுக்கு இதைச் சொல்லி அனுப்பலாம் என்று சில சமயம் தோன்றும்.

அதனால் செல்ஃப்-பேஸ்டே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் தெரிந்து மறந்துபோனவர்களுக்கு அது வேகமான வழி. நீ பிளஸ் டூ வணிகவியலில் கணக்கே எடுக்கவில்லை என்கிறாய். பத்தாம் வகுப்புக் கணக்கு நினைவிருந்தால் எடுக்கலாம்; அப்போதே தகராறு என்றால் உட்காரும் வகுப்புக்குப் போ. எதுவானாலும் கேஸ் ஸ்டேஷன் முதலாளியிடம் இந்த நாள், இந்த மணி எனக்கு முடியாது என்று முதலிலேயே சொல்லி வை. நியூ ஜெர்சியில் வண்டிக்காரர் தானே பெட்ரோல் போட்டுக்கொள்ள முடியாது, சட்டம் அப்படி. அதனால் ஆள் எப்போதும் தேவைப்படும். ஒருத்தன் வரவில்லை என்றால் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். உனக்கென்று மணி குறிக்காத வகுப்பு என்றால் நீயும் சரி என்றுவிடுவாய்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் இதைப் படித்தால்: முழுநேர மாணவர் என்று காட்டுவதற்கு ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு ஆன்லைன் வகுப்பு, மூன்று கிரெடிட் அளவுதான் சேரும். செல்ஃப்-பேஸ்டு வகுப்பு ஆன்லைனா, லேபுக்கு வந்தாக வேண்டியதா என்று சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்காமல் பதிவு செய்யாதீர்கள்.

தம்பி, கடைசியாக உன் அக்கவுண்டிங் விஷயம். இரண்டு வருடத்தோடு வேலைக்குப் போகும் படிப்பா, நாலு வருடக் கல்லூரிக்கு மாறும் படிப்பா என்று முதலில் முடிவு செய். இரண்டுக்கும் தேவைப்படும் கல்லூரிக் கணக்கு ஒன்றாக இருக்காது. சிலதற்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போதும், சிலது கால்குலஸ் வரை கேட்கும். அதைப் பொறுத்துத்தான் நீ எவ்வளவு கீழ் வகுப்பு படிக்க வேண்டும் என்பதே. இதை அட்வைசரிடம் மின்னஞ்சலில் கேள், வாய்ப்பேச்சு வேண்டாம். பணம் முழுதாகத் திரும்பக் கிடைக்கும் கடைசித் தேதி பெரும்பாலும் வகுப்பு தொடங்கி முதல் ஓரிரு வாரத்துக்குள் முடிந்துவிடும், கல்லூரிக் காலண்டரில் போட்டிருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் நேரில் போய் நில்.