நூறு சிசி வண்டி மலைக்கு ஆகுமா?

அன்புள்ள அக்கா,

அரவேணுவிலிருந்து தினமும் கோத்தகிரிக்கு வேலைக்குப் போய் வருகிறேன். மாலையில் பஸ்ஸுக்கு நின்றே ஒரு மணி நேரம் போய்விடுகிறது. அப்பாவின் நண்பர் தன்னுடைய 2012 மாடல் ஸ்பிளெண்டரை 24 ஆயிரத்துக்குத் தருகிறேன் என்கிறார். கோவையில் சித்தி வீட்டில் ஸ்கூட்டி ஓட்டியிருக்கிறேன், கியர் வண்டி தொட்டதில்லை. எல்.எல்.ஆர். எடுத்தாயிற்று. "நூறு சிசி மலையில் இழுக்காது, பணம் சேர்த்துப் பெரிய வண்டியாக வாங்கு" என்கிறார் அண்ணன். அம்மா வண்டியே வேண்டாம் என்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

ஒரு வாசகி, அரவேணு

அன்புள்ள தங்கைக்கு,

வாங்குங்கள்.

அண்ணன் சொல்வது பாதி சரி. உயரம் போகப் போகக் காற்று மெலிகிறது. ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இன்ஜின் சக்தி குறையும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டரில் இருக்கிறது. ஸ்பிளெண்டரின் 97 சிசி சமவெளியில் இழுக்கிற அளவுக்கு இங்கே இழுக்காதுதான். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் உள்ள வண்டி என்பதால் காற்று குறைந்து பெட்ரோல் கூடி, பிளக்கும் கறுத்துப்போகும். ஊர் மெக்கானிக்கிடம் சொன்னால் அந்தக் கலவையை மாற்றும் ஏர் ஸ்குரூவைத் திருகிச் சரிசெய்து கொடுப்பார். அப்புறம் இரண்டாவது கியரில் இருபத்தைந்து வேகத்தில் நிம்மதியாக ஏறும். எடையும் 110 கிலோ அளவுதான். முதல் மாதம் எங்காவது ஒரு தடவை சாய்த்துவிடுவீர்கள். இதை நீங்களே தூக்கி நிறுத்தலாம், புல்லட்டை முடியாது.

அம்மாவின் பயம் நியாயமானது. எனக்கும் பயம் உண்டு, மாலையில் நீங்கள் வீட்டுக்கு இறங்கும் சாலையை நினைத்து.

ஓட்டப் பழகிய வருடம், எல்லோரும் செய்கிறார்களே என்று நானும் இன்ஜினை அணைத்து, நியூட்ரல் போட்டு, குன்னூரிலிருந்து பர்லியார் பக்கம் இறங்கினேன். பெட்ரோல் மிச்சமாகும் என்று சொன்னார்கள். நாலைந்து வளைவு வரை சுகமாக இருந்தது. பிறகு ஏதோ கருகுகிற வாசனை. முன்னால் போகும் லாரியில் இருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வளைவில் பின்பிரேக்கை மிதித்தேன், பெடல் அடிவரை போயிற்று, வண்டி நிற்கவில்லை. முன்பிரேக்கைப் பிடித்தால் லீவர் கைப்பிடியில் வந்து முட்டியது. சாலையோர மண்மேட்டில் ஏற்றித்தான் நிறுத்தினேன். சல்வார் கிழிந்து முட்டி தேய்ந்ததோடு போயிற்று. கை நடுங்க இறங்கி, பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் டிரம்மை விரலால் தொட்டேன். விரல் கொப்பளித்துவிட்டது.

அந்த டிரம் சூடானால் விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூவை விட்டு விலகும். சூட்டில் ஷூவின் பிடிப்பும் போய்விடும். அதனால்தான் ஏறிய கியரிலேயே இறங்கு என்று மலை டிரைவர்கள் சொல்கிறார்கள். இரண்டில் ஏறினால் இரண்டிலேயே இறங்குங்கள். ஆக்சிலேட்டரை விட்டதும் இன்ஜினே வண்டியைப் பின்னுக்குப் பிடித்துக்கொள்ளும். சத்தம் அதிகமாகக் கேட்கும், இன்ஜின் கெட்டுவிடுமோ என்று தோன்றும். கெடாது. பிரேக்கை மிதித்தபடியே வராமல், அழுத்தி விட்டு அழுத்தி விட்டு வாருங்கள். கியர் மாற்றுவதை வளைவுக்கு முன்பே முடித்துவிடுங்கள். கிளட்சைப் பிடித்துக்கொண்டு திரும்பினால் அதுவும் நியூட்ரலில் வருவது மாதிரிதான்.

பெட்ரோல் மிச்சம் என்பதற்கும் ஒரு வார்த்தை. கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்‌ஷனோடு இப்போது வரும் வண்டிகளில், கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது பெட்ரோல் தானாகவே நின்றுவிடும். நியூட்ரலில் ஓடவிட்டால் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் போகும். மிச்சம் என்ற பேச்சே அங்கே இல்லை.

வண்டி பார்க்கக் காலையில் போங்கள், நீங்கள் வருவதற்குள் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டு. முதலில் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள், ஜில்லென்று இருக்க வேண்டும். சோக் போட்டு மூன்று நான்கு கிக்குக்குள் எடுத்தால் நல்லது. சூடான பிறகும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டில்பாரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெல்லத் திருப்புங்கள். நடுவில் சிக்கினால் ஹேண்டில்பார் திரும்புவதற்கான பேரிங், அதாவது கோன் செட், போய்விட்டது. வளைவுக்கு வளைவு அது தொல்லை தரும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. டயரின் பட்டன் தேயாமல் நன்றாக இருந்தாலும் அவ்வளவு பழைய ரப்பர் ஈரத்தில் பிடிக்காது. நமக்கு ஐப்பசி கார்த்திகையில்தான் பெருமழை. சில்வர் ஓக் இலை நனைந்து ரோட்டில் ஒட்டிக் கிடக்கும், அதில் பிரேக் போடவே கூடாது. எப்படியும் இரண்டு பிரேக் ஷூவையும் புதிதாக மாற்றிவிடுங்கள், அந்தச் செலவை விலையில் பேசிக் குறையுங்கள். ஆர்.சி. 15 வருடத்துக்குத்தான் செல்லும், அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். முடியும் தேதியைப் பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள். பெயர் மாற்றாமல் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், அப்பாவின் நண்பராகவே இருந்தாலும்.

ஸ்கூட்டி ஓட்டியவருக்குப் புதிதாக வருவது ஏற்றத்தில் நின்று கிளம்புவது. பின்பிரேக்கை மிதித்துக்கொண்டு, கிளட்சை மெல்ல விடுங்கள். ஒரு இடத்தில் வண்டி லேசாக முன்னால் தவிக்கும். அங்கேயே கையை நிறுத்தி, ஆக்சிலேட்டர் கொடுத்து, பிறகு பிரேக்கை விடுங்கள். ஆளில்லாத எஸ்டேட் ரோட்டில் ஒரு வாரம் இதை மட்டும் பழகுங்கள்.

ஏறிவரும் வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும், சட்டமே அப்படித்தான். கீழே பஸ் திரும்புவது தெரிந்தால் வளைவுக்கு மேலேயே ஓரமாக நின்றுவிடுங்கள், அதற்கு முழு ரோடும் வேண்டும். பலாப்பழக் காலத்தில் இருட்டிய பிறகு மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் குஞ்சப்பனை பக்கம் போகவே வேண்டாம், யானை நிற்கும்.

லைசென்ஸ் வரும்வரை பின்னால் யாரையும் ஏற்றாதீர்கள். வந்ததும் முதலில் அம்மாவை உட்காரவைத்துக் கோத்தகிரிக்கு ஏற்றிப் போங்கள், அவர் தலையிலும் ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட்டோடு. திரும்பும்போது இரண்டு மாதத்துக்கு அவர் பஸ்ஸிலேயே வரட்டும்.

அன்புடன்,
அக்கா