இராக்கில் ஆய்வாளர்கள் கண்டதும் காணாததும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 1998-இல் சதாம் உசேன் ஐ.நா. ஆயுத ஆய்வாளர்களைத் துரத்தியடித்தார் என்று பல இடங்களில் படிக்கிறேன். அது சரிதானா?

பதில்: பாதிதான் சரி. அந்த ஆண்டு முழுவதும் அவர் முட்டுக்கட்டை போட்டதும், அக்டோபர் இறுதியில் ஒத்துழைப்பை அடியோடு நிறுத்தியதும் உண்மை. ஆனால் டிசம்பர் 16 அன்று அவர்கள் பாக்தாதை விட்டுப் புறப்பட்டது இராக்கின் உத்தரவால் அல்ல. அமெரிக்காவும் பிரிட்டனும் குண்டுவீசத் தயாராக இருந்ததால், குழுவின் தலைவர் ரிச்சர்ட் பட்லரே அவர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டார். குண்டுவீச்சு முடிந்த பிறகு 2002 நவம்பர் வரை அவர்களை உள்ளே விடாமல் இருந்தது சதாமின் வேலை.

கேள்வி: மறைக்க ஒன்றுமில்லை என்றால் சதாம் அதை நிரூபித்துவிட்டு 2003 போரைத் தவிர்த்திருக்கலாமே? ஏன் செய்யவில்லை?

பதில்: எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். குவைத் போர் முடிந்தபின் 1991 ஏப்ரலில் வந்த ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 687-ஆம் தீர்மானத்தின்படி, இராக் தன்னிடமிருந்த இரசாயன, உயிரியல் ஆயுதங்களையும் 150 கிலோமீட்டருக்கு மேல் பாயும் ஏவுகணைகளையும் அறிவித்து, ஐ.நா. மேற்பார்வையில் அழிக்க வேண்டும். ஆனால் அந்தக் கோடையிலேயே பெரும்பகுதியை யாருக்கும் சொல்லாமல், ஆய்வாளர்களை அழைக்காமல், ஒழுங்கான பதிவேடும் வைக்காமல் இராக் தானே அழித்துவிட்டது. தயாரித்த அளவிலிருந்து அழிந்ததாக உறுதிசெய்யப்பட்ட அளவைக் கழித்தால் மிஞ்சுவதை ஆய்வாளர்கள் 'கணக்கில் வராதவை' என்று எழுதினார்கள். வாஷிங்டனும் லண்டனும் அதையே 'கைவசம் உள்ளவை' என்று மேடையில் பேசின. என் பார்வையில், போர் விவாதம் முழுவதும் தடம் மாறியது இந்த இடத்தில்தான்.

இராக்கின் சொல்லை நம்ப யாரும் முன்வராததற்குக் காரணமும் உண்டு. உயிரியல் ஆயுதத் திட்டமே இல்லை என்று நான்கு ஆண்டுகள் சாதித்த அரசு அது. 1995 ஆகஸ்டில் சதாமின் மருமகன் உசேன் கமால் ஜோர்டானுக்குத் தப்பியோடிய பிறகுதான், ஒரு கோழிப்பண்ணையிலிருந்து பெட்டி பெட்டியாக ஆவணங்கள் வெளிவந்தன. அதே கமால், ஆயுதங்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்றும் ஆய்வாளர்களிடம் சொல்லியிருந்தார். போரை ஆதரித்தவர்கள் அவர் தப்பியோடியதை எடுத்துக்காட்டாகச் சொன்னார்களே தவிர, அவருடைய இந்த வாக்குமூலத்தைத் தொடவில்லை.

2003 பிப்ரவரியில் அல் அஜீஜியா என்ற இடத்தில் மண்ணைத் தோண்டி, 1991-இல் உடைத்துப் புதைத்த ஆர்-400 என்ற விமானக் குண்டுகளின் சிதறல்களையும் முழுதாகக் கிடந்த சில குண்டுகளையும் இராக்கியர்கள் வெளியே எடுத்தார்கள். ஆய்வாளர்கள் அவற்றைத் தங்கள் கணக்கோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் தாமதமான நிரூபணம். முடிப்பதற்கு மாதங்கள் தேவைப்பட்டன, கிடைத்தவை வாரங்கள்.

கேள்வி: 2003-இல் ஆய்வாளர்கள் உருப்படியாக எதையாவது அழித்தார்களா?

பதில்: அழித்தார்கள். இராக்கின் அல் சமூத்-2 ஏவுகணை 40 சோதனைகளில் 13 முறை 150 கிலோமீட்டர் வரம்பைத் தாண்டியிருந்தது. அதிகபட்சம் 183 கிலோமீட்டர். அவற்றை அழிக்கும்படி அப்போதைய ஆய்வுக் குழுத் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ் உத்தரவிட, மார்ச் 1 முதல் புல்டோசர் ஏற்றி நசுக்கும் பணி தொடங்கியது. இங்கே உடைபடுவது பல்குச்சிகள் அல்ல என்று பாதுகாப்பு மன்றத்தில் அவரே சொன்னார். இராக் நைஜரிலிருந்து யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டப்பட்ட ஆவணங்கள் போலியானவை என்று, அதே மார்ச் 7 கூட்டத்தில் சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் எல்பரதேய் அறிவித்தார். பதினைந்து நாட்களுக்குள் போர் தொடங்கிவிட்டது.

கேள்வி: பேட்ரியாட் போன்ற தடுப்பு ஏவுகணைகள் கையில் இருந்தபோது இராக்கின் ஏவுகணைகளைக் கண்டு ஏன் அத்தனை பயம்?

பதில்: 1991 போரின்போது இராக் ஏவிய ஸ்கட் ஏவுகணைகள் 42-இல் 41-ஐ பேட்ரியாட் மறித்ததாக அதிபர் புஷ், அதாவது தந்தை புஷ், பெருமையாகச் சொன்னார். பிறகு அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 9 விழுக்காட்டு மோதல்களுக்கு மட்டுமே வலுவான ஆதாரம் இருந்தது. தூரத்தைக் கூட்டுவதற்காக இராக் நீட்டித் தயாரித்த ஸ்கட்கள் இறங்கும்போது தாமாகவே உடைந்து சிதறின; எது துண்டு, எது வெடிமுனை என்று ரேடாருக்குப் பிடிபடவில்லை.

தஹ்ரானில் (சவூதியில் உள்ள ஊர், ஈரானின் தலைநகர் அல்ல) பிப்ரவரி 25 இரவு நடந்தது இன்னும் கொடுமை. நேரத்தைப் பத்தில் ஒரு வினாடியாக எண்ணும் பேட்ரியாட்டின் கணினியில், பைனரிக் கணக்கில் அந்தப் பின்னம் முழுமையாக அடங்காததால் நுண்ணிய பிழை சேர்ந்துகொண்டே போனது. நூறு மணி நேரம் அணைக்காமல் ஓடியதில் அது 0.34 வினாடி ஆனது. அந்த நேரத்தில் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்துவிடும். ரேடார் வெற்று வானத்தைத் தேட, ஏவுகணை படைமுகாமில் விழுந்து 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். திருத்திய மென்பொருள் மறுநாள் வந்து சேர்ந்தது.

2003-இல் மேம்பட்ட பேட்ரியாட்கள் கூடுதலாகவே சாதித்தன. ஆனால் அதே போரில் பிரிட்டனின் டொர்னாடோ விமானம் ஒன்றையும் அமெரிக்கக் கடற்படை விமானம் ஒன்றையும் எதிரி என்று நினைத்து வீழ்த்தியவையும் அவைதான்.

கேள்வி: இந்தியா என்ன நிலை எடுத்தது?

பதில்: 2003 ஏப்ரலில் மக்களவை போருக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. அதற்குப் பிறகும் இராக்குக்குப் படை அனுப்பும்படி அமெரிக்கா வற்புறுத்தியது. வெளிப்படையான ஐ.நா. ஆணை இல்லாமல் அனுப்ப முடியாது என்று ஜூலை 14 அன்று வாஜ்பாய் அரசு முடிவெடுத்தது.