வீட்டு டிரங்க் பெட்டியும் நாலு விசியும்

வாசகர் கடிதம்:

அண்ணே, எங்க அக்கா மக அமெரிக்காவுல படிக்கா. அவ யுனிவர்சிட்டில ஒரு பெரிய ஹால் முழுக்க பழைய பிரசிடெண்டுகளோட படத்தை வரிசையா மாட்டியிருக்காங்கன்னு போட்டோ எடுத்து அனுப்பினா. முதல் ஏழெட்டு பேரும் பாதிரியார், அதுக்கப்புறம் ஒரு கெமிஸ்ட்ரிக்காரர், ரெண்டு வக்கீல், ஒரு மிலிட்டரிக்காரர். ஒரு யுனிவர்சிட்டிக்கு வாத்தியார்தானே தலைவரா வரணும்? நம்ம ஊர்லயும் இப்படித்தானா? நேரம் கிடைச்சா எழுதுங்க.
மார்த்தாண்டத்துல இருந்து ஒரு வாசகர்.

பதில்:

தம்பி, அங்க பிரசிடெண்டுன்னா நம்ம விசி, அதாவது துணைவேந்தர் மாதிரி, நிஜமா ஆபிஸ்ல உக்காந்து வேலை பாக்கறவரு. பாதிரியாருங்க வரிசையா இருக்கறதுல ஆச்சரியமே இல்ல, அங்க பழைய காலேஜ் பலதும் சபைக்கு போதகரை உருவாக்கத்தான் ஆரம்பிச்சது. பிரின்ஸ்டன்ல 1902-ல வந்த உட்ரோ வில்சன்தான் பாதிரியாரா இல்லாத முதல் பிரசிடெண்டு, அவரு அங்கிருந்து கவர்னராகி நாட்டுக்கே பிரசிடெண்டா போனாரு. யேல்ல அதுக்கு மூணு வருஷம் முன்னாடிதான் அந்த வழக்கம் உடைஞ்சது. மிலிட்டரிக்காரர்னா எனக்கு டக்குனு ஞாபகம் வர்றது கொலம்பியாவுல 1948-ல வந்த ஐசனோவர். ஏன் அவ்வளவு தூரம் போகணும், நம்ம நாகர்கோவில் ஸ்காட் காலேஜுக்கே ஆரம்பத்துல எல்.எம்.எஸ்.னு சொல்ற லண்டன் மிஷனரி சொசைட்டி வெள்ளைக்கார பாதிரிமார்தான பிரின்சிபால்.

சரி, நம்ம ஊரு கதைக்கு வாறேன். உங்க கடிதம் வந்த அன்னைக்கு அம்மா கட்டிலுக்கு அடியில இருக்கற டிரங்க் பெட்டிய இழுத்து திறந்தேன். நாங்க நாலு பேரும் படிச்சது ஒரே காலேஜ், அதே ஸ்காட்தான், ஆனா சர்டிபிகேட்டு நாலும் நாலு யுனிவர்சிட்டி! நம்ம குமரிக்காரனுக்கு மட்டும் வாய்ச்ச கூத்து இது. தாத்தாவுக்கு திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1-ல நம்ம குமரி ஜில்லா தமிழ்நாட்டுப் பக்கம் வந்ததும் பெரியப்பாவுக்கு மெட்ராஸ், 1966-ல மதுரை யுனிவர்சிட்டி வந்ததால அத்தைக்கு மதுரை, 1990-ல மனோன்மணியம் சுந்தரனார் வந்துட்டதால எனக்கு அது.

தாத்தாவோடது 1940-கள்ல வாங்கினது, தகரக் குழாய்க்குள்ள சுருட்டி வச்சிருந்தும் விசி கையெழுத்து இருக்க வேண்டிய மூலைய செல்லரிச்சுப் போச்சு, தொட்டா பொடிப்பொடியா உதிருது. அப்போ விசி சர் சி.பி. ராமசாமி ஐயர். மெட்ராஸ் வக்கீல், திருவிதாங்கூர் திவான், 1937-ல யுனிவர்சிட்டி ஆரம்பிச்சதும் அவரே அதுக்கும் விசி! மகாராஜா சான்சலர், அதாவது வேந்தர், அவரு அம்மா சேது பார்வதி பாய் புரோ சான்சலர், அதாவது இணைவேந்தர், அதாவது அரண்மனை முழுசா யுனிவர்சிட்டிக்குள்ள வந்தாச்சு. 1947 ஜூலைல திருவனந்தபுரத்துல ஒரு கச்சேரில வெட்டு வாங்கி திவான் வேலைய விட்டுட்டுப் போனவரு, பின்னால அண்ணாமலைக்கும் காசி இந்து யுனிவர்சிட்டிக்கும் விசியானாரு. தாத்தா அவரு பேரைச் சொன்னாலே துப்பிட்டுத்தான் பேசுவாரு, ஆனா சர்டிபிகேட்ட மட்டும் பத்திரமா வச்சிருந்தாரு பாருங்க.

பெரியப்பாவோடதுல லட்சுமணசாமி முதலியார். அவரு பிரசவ டாக்டர், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் பிரின்சிபாலா இருந்தவர், 1942-ல விசியா உக்காந்தவரு 1969 வரைக்கும் எழும்பல, 27 வருஷம்! அவரு எழுதின பிரசவப் புஸ்தகத்த டாக்டருக்குப் படிக்கற பிள்ளையளுக்கு இன்னைக்கும் தெரியும். இதுல எனக்கு ரெண்டு மனசுதான், ஒரே ஆளு அத்தனை வருஷம் இருந்தா அவரு விருப்பமே சட்டமாயிடும், ஆனா மூணு வருஷத்துக்கு ஒருத்தர் வந்து பேரு பலகைய மாட்டி கழட்டறதுக்கு இது தேவலைன்னும் தோணுது.

எனக்கு ரொம்ப பிடிச்சது அத்தையோட சர்டிபிகேட், 1973. மு.வரதராசன், நம்ம மு.வ. செறுப்பத்துல திருப்பத்தூர் தாலுகா ஆபிஸ்ல கிளார்க்கு, அப்புறம் ஸ்கூல் வாத்தியார், தனியா உக்காந்து வித்வான் படிச்சு பச்சையப்பன் காலேஜ், மெட்ராஸ் யுனிவர்சிட்டின்னு ஏறி 1971-ல மதுரைக்கு விசி. அத்தை அவரு நாவல படிச்சு அழுதவ, அதே கையெழுத்து டிகிரில இருக்குன்னு எல்லார்ட்டயும் காட்டிட்டு திரிஞ்சிருக்கா. கொஞ்ச நாள்தான், 1974-ல செத்துப்போயிட்டாரு.

என்னோடதுல வசந்தி தேவி. கவர்மெண்ட் காலேஜ் வாத்தியாரம்மா, 1992-ல இருந்து 98 வரை விசி, அப்புறம் மாநில மகளிர் ஆணையத் தலைவர், 2016-ல ஆர்.கே. நகர்ல ஜெயலலிதாவ எதிர்த்து எலக்சன்ல நின்னாங்க. ரிட்டயர் ஆன விசி சால்வைய மடிச்சு வச்சுட்டு கல்யாண வீட்டுல முன்வரிசைல உக்காருவாருன்னு நினைச்சிருந்த எனக்கு அது பெரிய அதிர்ச்சி.

இப்ப உங்க கேள்வி. வாத்தியார்தான் வரணும்னு ஒரு நியாயமும் இல்ல தம்பி. அந்த சீட்டுல எப்படிப்பட்ட ஆளு உக்காந்திருக்கான்னு பாத்தா, அந்தக் காலத்துல சீட்ட கொடுக்கற கை யாரோடதுன்னு தெரியும். சபைக்காரங்க கொடுத்தா பாதிரியாரு, அரண்மனை கொடுத்தா திவானு, தமிழ் தமிழ்னு கட்சிக மேடை போட்ட காலத்துல தமிழ் வாத்தியாரு. படத்துக்கு கீழ போட்டிருக்கற படிப்பு அதுக்கப்புறம்தான்.

நம்ம வடசேரில பிறந்த வ.அய். சுப்பிரமணியம் இருக்காரே, 1981-ல தஞ்சாவூர் தமிழ் யுனிவர்சிட்டிக்கு முதல் விசி. குமரி தமிழ்நாட்டுக்கு வந்த பிறகும் திருவனந்தபுரத்துலயே இருந்து கேரளா யுனிவர்சிட்டில தமிழும் மொழியியலும் வளர்த்தவரு. வடசேரி பஸ் ஸ்டாண்டுல நின்னு பத்து பேருட்ட கேட்டா ஒருத்தருக்காவது தெரியுமான்னு எனக்கு சந்தேகம்தான். நான் ஒரு தடவ சாயாக்கடைல கேட்டேன், "எந்த சுப்பிரமணியம், கொத்தனாரா?"ன்னாரு.

அக்கா மகள்ட்ட சொல்லி, அந்த படங்களுக்கு கீழ வருஷம் போட்டிருந்தா அதையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அந்த மிலிட்டரிக்காரர் எத்தனை வருஷம் தாக்குப்பிடிச்சாருன்னு பாக்கணும்.