ரேங்க் யாருக்கு, உத்தரவு யாருக்கு? விண்வெளி கேம்களில் பெண் தளபதிகள்: கேள்வி பதில்

வணக்கம். இன்று மாலை என்னை இங்கே உட்கார வைத்துவிட்டார்கள், கேளுங்கள். நான் கேம் உருவாக்குபவள் இல்லை. தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து விளையாடி, அதைப் பற்றி எழுதி வருபவள், அவ்வளவுதான். அறிவியல் புனைவு கேம்களில் படைக்குத் தலைமை தாங்கும் பெண்களைப் பற்றி மட்டும் பேசுவோம். எல்லாம் பழைய கேம்கள், அதனால் முடிவுகளை மறைக்கப் போவதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: விக்கியில், அதாவது ரசிகர்கள் எழுதும் தகவல் தளத்தில், படித்ததைக் கேமில் பார்த்ததாகச் சொல்லாதீர்கள்.

கிழக்குத்தாம்பரம்: அக்கா, மாஸ் எஃபெக்ட்டில் ஷெப்பர்டைப் பெண்ணாக வைத்து விளையாடுபவர்கள் நிஜமாகவே இருக்கிறார்களா? என் நண்பர்களில் ஒருவர்கூட இல்லை.

இருக்கிறார்கள், ஆனால் குறைவு. அந்த கேமில் நாம் ஆடும் தளபதிதான் ஷெப்பர்ட், ஆணா பெண்ணா என்பது நம் விருப்பம். 2011இல் கேமை உருவாக்கிய பயோவேர் சொன்ன கணக்கு 18 சதவீதம். பத்து வருடம் கழித்து மூன்று பாகங்களையும் மெருகேற்றிய லெஜண்டரி எடிஷன் வந்தபோது அது 32 ஆனது. இந்தக் கணக்குகளைக் காட்டி 'பெண் தளபதியை யாரும் விரும்புவதில்லை' என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அவளை யாருக்குக் காட்டினீர்கள்? 2007இல் வந்த முதல் பாகத்திலும் அடுத்த பாகத்திலும் அட்டை, டிரெய்லர் எல்லாவற்றிலும் ஆண் ஷெப்பர்ட்தான். மூன்றாம் பாகத்துக்கு முன்னால், 2011இல்தான், அவள் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று ரசிகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். முதலில் பொன்னிறக் கூந்தல்காரி ஜெயித்தாள். முடியின் நிறத்துக்கு மட்டும் தனியாக இன்னொரு வாக்கெடுப்பு வைத்தபோது சிவப்பு ஜெயித்தது. ஒரு ராணுவ கமாண்டருக்குக் கூந்தல் தேர்தல். கொடுமைதான். ஆனால் அதற்கு அப்புறம்தான் அவளுக்கென்று ஒரு டிரெய்லர் வந்தது, மூன்றாம் பாகத்தின் அட்டையைத் திருப்பிப் போட்டால் அவள் முகம் இருந்தது.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அவள் சிக்கனத்தில் பிறந்த தளபதி. வசனம் ஏறக்குறைய ஒன்றுதான், குரல்தான் இரண்டு: ஆணுக்கு மார்க் மீர், பெண்ணுக்கு ஜெனிஃபர் ஹேல். அதனால் 'பெண்ணாக இருந்தும்' என்ற இழுவை அவள் கதையில் இல்லை. விர்மயர் கிரகத்தில் தன் அணியினரில் ஆஷ்லியா கெய்டனா, யாரைச் சாக விடுவது என்று முடிவெடுக்கும்போது அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பதில்லை. ஹேலின் குரல் அங்கே எவ்வளவு இறுகிப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். அதே சிக்கனத்தால்தான் இரண்டாம் பாகத்தில் குட்டைக் கவுன் போட்டுக்கொண்டு ஆம்பளை மாதிரி காலை அகட்டி உட்காருவாள். அசைவுகளையும் ஆணிடமிருந்தே எடுத்துப் போட்டிருந்தார்கள். அதை மன்னித்துவிடலாம்.

நட்சத்திரவாசி: ஷெப்பர்டின் அம்மா ஹன்னாவே அட்மிரல் ஆகிறாரே? அவரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே?

எச்சரிக்கை நினைவிருக்கிறதா? ஷெப்பர்ட் விண்கலங்களில் வளர்ந்தவர் என்ற 'ஸ்பேசர்' பின்னணியைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் ஹன்னா வருவார். அதுவும் முதல் பாகத்தில் ஒரு குட்டி வேலைக்கு நடுவே குரலாக. பிறகு ஒரு மெயில், அப்புறம் வேறொருவர் வாயால் ஒரு குறிப்பு. முகத்தைக் காட்டவே இல்லை. விக்கியில் அவருக்குத் தனிப் பக்கம் இருக்கிறது. கேமில் அவர் போனில் பேசும் அம்மா. நமக்கு முன்னால் நின்று உத்தரவு போடுகிறவர்கள் ஆண்டர்சன், ஹேக்கெட் என்ற ஆண் மேலதிகாரிகள்தான்.

உண்மைவிளம்பி: எல்லாம் சரி, ஆனால் போர்ப்படைக்குப் பெண் தளபதி என்பது யதார்த்தமா? சிப்பாய்கள் ஏற்றுக்கொள்வார்களா?

நல்ல மனதோடு கேட்டதாக எடுத்துக்கொள்கிறேன். இதே வாதத்தை இந்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் வைத்தது: படையில் பெரும்பாலோர் கிராமத்துப் பின்னணி ஆண்கள், பெண் அதிகாரியின் கட்டளையை ஏற்க அவர்கள் மனம் இன்னும் பழகவில்லை என்று. 2020 பிப்ரவரியில் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டு, பெண்களுக்கு நிரந்தரப் பணியும் தலைமைப் பொறுப்புக்கான வாய்ப்பும் தரச் சொன்னது. அமெரிக்கத் தரைப்படையில் ஆன் டன்வுடி 2008இலேயே நான்கு நட்சத்திர ஜெனரல், கடற்படையில் மிஷெல் ஹோவர்ட் 2014இல் நான்கு நட்சத்திர அட்மிரல். இதெல்லாம் நடந்து முடிந்த கதை. நாம் பேசுவது ஒளியைவிட வேகமாகப் போகும் கப்பல்களைப் பற்றி.

வார்ட்ஹாக்_டிரைவர்: ஹேலோவில் மிராண்டா கீஸ் நல்ல தளபதியா, இல்லை அப்பா பெயரில் வந்தவளா?

நல்ல தளபதியாகத் தொடங்கியவள். 2004இல் வந்த இரண்டாம் பாகத்தில் பூமியிலிருந்து தப்பும் எதிரியின் பெரிய கப்பலைத் தன் சின்னக் கப்பலோடு துரத்திக்கொண்டு தாவுகிறாள். தளபதி என்றால் அதுதான். போகிற இடம் தெரியாது, போயாக வேண்டும் என்று மட்டும் தெரியும். அப்பா ஜேக்கப் கீஸின் பெயர் அதற்கு உதவவில்லை.

2007இல் மூன்றாம் பாகம் வந்தது. எதிரியிடம் சிக்கிய சார்ஜென்ட் ஜான்சனை மீட்கத் தனியாக ஒரு பெலிகன் விமானத்தை ஓட்டிக்கொண்டு எதிரியின் கோட்டைக்குள்ளேயே மோதி நுழைகிறாள். ஒரு கமாண்டர், தனியாக! எதிரியின் கருவியை இயக்க ஒரு மனிதர் வேண்டும், அதனால் உள்ளே ஜான்சனைச் சுட்டு, தன்னையும் சுட்டுக்கொண்டால் எதிரியின் திட்டம் கெடும் என்ற நிலை. அவள் தயங்குகிறாள். அந்தத் தயக்கத்தில் முதுகில் சுடப்பட்டுச் சாகிறாள். தயங்கியதைக் குறை சொல்லவில்லை. அவள் முடிவெடுக்க வேண்டிய அந்த ஒரே இடத்தில் முடிவைப் பிடுங்கி வில்லனின் துப்பாக்கியிடம் கொடுத்துவிட்டார்கள், என் புகார் அதுதான். தயங்கியதால் வந்த விளைவோடு அவளை வாழவாவது விட்டிருக்கலாம்.

ஹேலோ வரிசையின் ரீச்சில் (2010) கேட் என்று ஒருத்தி, நோபிள் அணியின் இரண்டாம் இடம். எதிரியின் ராட்சதக் கப்பலை அழிக்கும் திட்டமே அவளுடையது. அவளுக்கும் ஓடும்போது எங்கிருந்தோ ஒரு குண்டு தலையில். அந்த அணியில் ஜூனைத் தவிர எல்லோரும்தான் சாகிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். செத்த மற்றவர்களுக்கெல்லாம் எதையாவது சாதித்துக்கொண்டே சாகும் பெருமை கிடைத்தது, அவளுக்கு மட்டும் இல்லை.

நான் பார்ப்பது இதைத்தான், திரும்பத் திரும்பச் சொல்வேன்: சட்டையில் எத்தனை பட்டை என்று எண்ணாதீர்கள். அவள் சொன்னதால் எது மாறியது, அதன் பலனை யார் சுமந்தார்கள் என்று பாருங்கள்.

பொடிமாஸ்: ஐம்பதாயிரத்துக்குள் நல்ல லேப்டாப் சொல்லுங்க அக்கா.

தம்பி, பக்கத்துத் தெரு.

மஞ்சள்ஹெல்மெட்: சாமஸ் ஆரனை விட்டுவிட்டீர்களே! 1986லேயே வந்தவள்.

சாமஸ் தளபதி இல்லை, தனி ஆள். கூலிக்கு வேட்டையாடுபவள். ஆனாலும் 2010இல் வந்த மெட்ராய்டு அதர் எம் இந்த விஷயத்துக்கு நேரடியாகப் பொருந்தும். எல்லா ஆயுதமும் கவசமும் அவளிடம் இருக்கிறது. பழைய மேலதிகாரி ஆடம் 'சரி' சொன்னால்தான் பயன்படுத்துவாள். எரிமலைக் குழம்புக்கு நடுவே உடல் வெந்துகொண்டிருக்கிறது, வெப்பக் கவசம் உடம்பில் இருக்கிறது, அனுமதி வரவில்லை, ஓடுகிறாள். கட்டுப்பாடு வேறு, இது வேறு. எந்தச் சிப்பாயும் தீயணைப்பு உடையைப் போட உத்தரவுக்குக் காத்திருக்க மாட்டான்.

கொக்கரக்கோ: எல்லாம் இருக்கட்டும், ராணுவத்தில் பெண்கள் உத்தரவு போடுவது யதார்த்தமா?

உண்மைவிளம்பிக்குச் சொன்னதைப் படிக்கவும்.

ஜெர்க்ராணி ரசிகன்: ஸ்டார்கிராஃப்டின் சாரா கெரிகன். அதன் கூடுதல் பாகமான புரூட் வார் கடைசியில் மூன்று படைகள் ஒரே நேரத்தில் அவளைச் சூழ்கின்றன, மூன்றையும் அடிக்கிறாள். அவளைவிடப் பெரிய தளபதி யார்? ஏன் இன்னும் வாயைத் திறக்கவில்லை?

வரிசையில் வருவாள் என்று காத்திருந்தேன். 1998இன் கெரிகன் என் பட்டியலில் முதல் மூன்றுக்குள். அவள் தலைவன் மெங்ஸ்க் அவளை டார்சோனிஸ் கிரகத்தில் கைவிட்டான், அவள் ஜெர்க் என்ற வேற்றுக்கிரக எதிரியிடம் சிக்கி அந்த எதிரிக்கே ராணி ஆனாள். புரூட் வாரில் அவளைக் காதலித்த ரேனர், வேற்றுக்கிரக வீரன் ஃபீனிக்ஸ் எல்லோரையும் கூட்டாளியாக்கிப் பயன்படுத்திவிட்டு முதுகில் குத்துகிறாள். ஆறுதலுக்கு ஒரு காரணம்கூடச் சொல்வதில்லை. 2010க்குப் பிறகு வந்தவள் வேறு ஆள். இரண்டாம் ஸ்டார்கிராஃப்டின் முதல் பகுதியான விங்ஸ் ஆஃப் லிபர்ட்டி முடிவில், மறுபடி மனுஷியாகிவிட்ட அவளை ரேனர் கையில் தூக்கிக்கொண்டு நடக்கிறான். தளபதி பரிசுப்பொருள் ஆகிவிட்டாள்.

ஜெர்க்ராணி ரசிகன்: அடுத்த பகுதி, 2013இன் ஹார்ட் ஆஃப் தி ஸ்வார்ம் முழுக்க அவள்தான் உத்தரவு போடுகிறாள். உங்கள் அளவுகோல்படியே பாஸ் ஆகிறாள்!

உத்தரவு போடுகிறாள், ஆனால் எதற்கு? ரேனர் செத்துவிட்டான் என்று கேட்டதும் படையை மறுபடி கூட்டுகிறாள். சார் கிரகத்தில் எதிர்ப்படை ஜெனரல் வார்ஃபீல்ட் காயம்பட்டவர்களை விட்டுவிடச் சொல்லி, ரேனர் பார்த்தால் என்ன நினைப்பான் என்று கேட்ட பிறகுதான் மனம் இளகுகிறது. திசைகாட்டி வேறொருவர் பையில் இருக்கிறது.

ஜெர்க்ராணி ரசிகன்: அப்படியென்றால் ரேனரும் கெரிகனுக்காகத்தானே குடித்துக்கொண்டு உயிரைப் பணயம் வைக்கிறான்? ஆண் காதலிக்காகப் போர் தொடுத்தால் காவியம், பெண் செய்தால் குறையா?

இது நல்ல அடி. காதலைக் குறை சொல்ல நான் வரவில்லை. ரேனர் அவளுக்காகப் படையைத் திருப்பும்போது அவன் கப்பலிலேயே எதிர்ப்புக் கிளம்புகிறது, அவன் தலைமையே கேள்விக்கு வருகிறது. அதாவது அவனைத் தளபதியாக மதித்துத் தப்புச் சொல்கிறார்கள். கெரிகன் கோடிக்கணக்கில் கொன்றதற்கு என்ன சொல்கிறார்கள்? பின்னால் ஆமோன் என்ற பழைய தீயசக்தி இருந்தது, அதன் நிழல் அவள்மேல் விழுந்திருந்தது என்கிறார்கள். போச்சு! 1998இல் அவள் போட்ட அத்தனை சூழ்ச்சியும் அவளுடையது இல்லை என்றாகிவிட்டது. கொலைக்கான பழியை எடுத்தால் வெற்றிக்கான பெயரும் கூடவே போய்விடும்.

ரேனர் கட்சி: ரெண்டு பேரும் வெளியே போய்ச் சண்டை போடுங்க. என் கேள்வி மூன்று பக்கமாகக் காத்திருக்கிறது.

ஜெர்க்ராணி ரசிகன்: ஒரே ஒன்று. ஸீரஸ் கிரகத்தில் மனுஷியாக இருந்தவள் தன் விருப்பத்தோடு மறுபடி ஜெர்க் ஆகிறாளே, அதை யார் கொடுத்தார்கள்?

வழி காட்டியது ஸெராடுல் என்ற வேற்றுக்கிரக வீரன், இறங்கியது அவள். அவளை மறுபடி ஜெர்க் ஆக்கும் குளத்துக்குள் அவள் இறங்கும் காட்சி அந்த கேமிலேயே சிறந்தது, முதல் தடவை அவள்மேல் திணித்ததை இந்தத் தடவை அவளே எடுத்துக்கொள்கிறாள். கேமை அங்கேயே முடித்திருந்தால் உங்களுக்கு மாலை போட்டிருப்பேன். கெரிகன் இதோடு போதும்.

ரேனர் கட்சி: அப்பாடா. அறிவியல் புனைவு கேமில் முதல் பெண் தளபதி யார்?

'முதல்' போட்டிக்கு நான் வர மாட்டேன், அதில் எப்போதும் ஒருவர் இன்னும் பழைய டிஸ்கெட்டோடு வருவார். முழுமையானவள் யார் என்று கேட்டால் 1999இன் வியூக கேமான ஆல்ஃபா சென்டாரியில் வரும் கர்னல் கொரசோன் சான்டியாகோ. ஏழு தலைவர்களில் மூவர் பெண்கள், அதில் ராணுவக் கட்சி இவளுடையது. அவள் கொள்கையை எண்களிலேயே வைத்துவிட்டார்கள்: படையின் மன உறுதி கூடும், புது வகைப் படைப்பிரிவுக்கு முதல் மாதிரி செய்யும் கூடுதல் செலவு கிடையாது, பதிலுக்குத் தொழில் உற்பத்தி குறையும். அவளோடு எல்லை பகிர்ந்தால் தூக்கம் வராது. அன்புக் கதை, அப்பா கதை எதுவும் கிடையாது. பிடிக்காத தளபதியாக இருக்கும் உரிமை அவளுக்குக் கிடைத்திருக்கிறது.

சிவகங்கைச் சீமை: வேலுநாச்சியாரை வைத்து ஒரு கேம் வந்தால் எப்படி இருக்கும்?

அருமையாக இருக்கும். இங்கே விண்கலம் வேண்டும்.

லைட்சேபர் லோகு: ஸ்டார் வார்ஸ் பக்கம்?

நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்கின் இரண்டாம் பாகம், 2004. நாயகனையோ நாயகியையோ நாம் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் அதிகாரபூர்வக் கதையில் அவள் பெண். மாலகோர் போரில் ஜெனரலாக இருந்தவள். அவள் உத்தரவில் இயங்கிய ஒரு கருவி எதிரிப் படையையும் சொந்தப் படையையும் சேர்த்து நசுக்கியது. கேம் தொடங்கும்போது அதெல்லாம் முடிந்து பல வருடம் ஆகிறது. அந்தக் கருவியைக் கட்டிய பாவோ-டுர் கூடவே வருகிறான். கேம் முழுக்க அவளை 'ஜெனரல்' என்றே கூப்பிடுகிறான். திட்டுவதும் இல்லை, மன்னிப்பதும் இல்லை. ஒவ்வொரு முறை அவன் கூப்பிடும்போதும் அந்தப் பதவி அவள் தோளில் ஏறி உட்காரும். போட்ட உத்தரவுக்கு ஒரு பெண்ணை இவ்வளவு நேரம் பதில் சொல்ல வைத்த கேம்கள் அபூர்வம். அவசரமாக வெளியிட்டதால் கடைசிப் பகுதி பிய்ந்து கிடக்கும். விட்டுப்போனதை ரசிகர்கள் சேர்த்துக் கட்டிய 'மாட்' என்ற திருத்தத் தொகுப்பு இருக்கிறது, அதோடு விளையாடுங்கள்.

அறிவாலயன்: ஹேலோவில் உளவுப் பிரிவுக்கே தலைவி பரங்கோஸ்கி, அவர்தானே எல்லோருக்கும் மேலே?

நாவலில். விக்கி, விக்கி, விக்கி.

புதியவன்77: பெண் தளபதி யதார்த்தமா?

மேலே. இரண்டு தடவை.

இரு பெண்களின் அம்மா: மேடம், பெரியவளுக்கு 12 வயது. ரத்தம், கவர்ச்சி இல்லாமல் ஒன்று சொல்லுங்கள்.

ஹோம்வேர்ல்ட், 2015இல் மெருகேற்றிய பதிப்பு. திரையில் கப்பல்கள் மட்டும்தான். கரான் ஸஜெட் என்ற விஞ்ஞானி தன்னையே தாய்க்கப்பலோடு இணைத்துக்கொள்கிறாள், மொத்த விண்கலப் படையும் அவள் குரலில்தான் இயங்கும். மூன்றாவது கட்டத்தில் அவர்கள் ஊர் திரும்பும்போது சொந்தக் கிரகமே எரிந்துகொண்டிருக்கும், உறைநிலையில் தூங்கும் 6 லட்சம் பேர்தான் மிச்சம். பின்னணியில் பாடகர் குழு பாடும், அவள் குரல் உடையாமல் நிலவரம் சொல்லும். அந்த இடத்தில் மட்டும் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். கட்டுப்பாடுகள் முப்பரிமாணத்தில் இருப்பதால் முதலில் தலை சுற்றும், பயிற்சிக் கட்டத்தைத் தாண்டிக் குதிக்க விடாதீர்கள். சின்னவளுக்கு இன்னும் இரண்டு வருடம் போகட்டும்.