இரவு 2 மணிக்கு எழுப்பும் வயிறு

வயிற்றுக்காக நீங்கள் குடிக்கும் பெப்பர்மின்ட் எண்ணெய் இதயத்தை நிறுத்திவிடுமா என்று கடிதத்தில் ஒரு பக்கம் முழுக்கக் கேட்டிருக்கிறீர்கள். நிறுத்தாது. ஆனால் அடுத்த பக்கத்தின் நடுவில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: இரண்டு மாதமாக இரவு 2 மணிக்கு வயிறு கலக்கி எழுப்புகிறது. கடிதத்தின் கடைசியில், அப்பா 58 வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்து இறந்த செய்தி. உங்களை உறுத்துவது இதுதான் என்று நினைக்கிறேன். முதலில் இதற்குப் பதில்.

12 ஆண்டுகளாக உங்களைப் படுத்தும் ஐபிஎஸ் (IBS), அதாவது வயிற்று வலியும் மலப்போக்குக் கோளாறும் மாறி மாறி வரும் எரிச்சல் குடல் நோய், பெரும்பாலும் பகலில் வேலை செய்யும் நோய். காலையில் எழுந்ததும், சாப்பிட்டவுடன், பஸ் ஏறப் போகும் நேரத்தில் தொல்லை தரும். நீங்கள் தூங்கினால் அதுவும் அநேகமாக அடங்கிவிடும். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுப்பிக் கழிப்பறைக்கு ஓட வைக்கும் பேதியை அந்தப் பழைய கணக்கில் சேர்க்காதீர்கள். குடல் அழற்சியாக இருக்கலாம், தைராய்டு கோளாறாக இருக்கலாம், நீரிழிவாகவும் இருக்கலாம். புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை; அது இல்லை என்று பார்க்காமல் சொல்லவும் மாட்டேன். இந்த வாரமே குடல் நோய் மருத்துவரிடம் போங்கள். ரத்தம், மலம் இரண்டையும் பரிசோதிப்பார். கேமரா பொருத்திய குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபியும் செய்யச் சொல்வார். அப்பாவுக்கு 60 வயதுக்கு முன்பே வந்திருப்பதால், வயிறு நலமாக இருந்திருந்தாலும் நீங்கள் 40 வயதில் அதைச் செய்திருக்க வேண்டும். இப்போது உங்களுக்கு 51. இதற்கிடையில் மலத்தில் ரத்தம் தெரிந்தால், அல்லது மலம் தார்போலக் கறுத்தால், வார இறுதி வரை காத்திருக்க வேண்டாம்.

இனி அந்த எண்ணெய். குடல் தசை இறுக வேண்டுமானால் தசைச் செல்லுக்குள் கால்சியம் நுழைய வேண்டும். அது நுழையும் நுண்ணிய வாசலைத்தான் அயனி வாய்க்கால் என்கிறோம். பெப்பர்மின்ட்டில் உள்ள மெந்தால் அந்த வாசலை ஓரளவு அடைக்கிறது. இழுத்துப் பிடித்த தசை தளர்ந்து வலி குறைகிறது. ‘கால்சியம் வாய்க்காலை அடைக்கும், இதயம் நின்றுவிடும்’ என்று உங்களைப் பயமுறுத்திய காணொளிக்காரர் ஒன்றைச் சொல்லவில்லை. ரத்த அழுத்தத்துக்கு நீங்கள் தினமும் போடும் அம்லோடிபினும் கால்சியம் வாய்க்காலை அடைக்கும் மருந்துதான்; அதனால் உங்கள் இதயம் நின்றுவிடவில்லையே. எண்ணெயை வெந்நீரில் சொட்டுவிட்டுக் குடிப்பதை மட்டும் நிறுத்துங்கள். அது உணவுக்குழாயின் அடி வால்வைத் தளர்த்தி நெஞ்செரிச்சலைக் கொண்டுவரும். இரைப்பையைத் தாண்டிய பின் கரையும் உறையிட்ட கேப்சூல் இருக்கிறது. மருத்துவர் சொன்னால் அதை எடுங்கள். ஓமத் தண்ணீர், சுக்கு, மோரில் பெருங்காயம் பற்றியெல்லாம் கவலையே வேண்டாம்.

எனக்குக் கோபம் வருவது அதிமதுரப் பொடி விஷயத்தில். ‘குடல் புண் ஆறும்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ரத்த அழுத்தக்காரரான நீங்கள் மாதக்கணக்கில் தினம் இரண்டு ஸ்பூன் சாப்பிடலாமா? அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின் சிறுநீரகத்தை உப்பைப் பிடித்துவைக்கச் செய்து, பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. ரத்த அழுத்தம் ஏறும். பேதியிலும் பொட்டாசியம் போய்க்கொண்டிருக்கிறது. அது மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். பொடியை இன்றே நிறுத்துங்கள். பொட்டாசியம் அளவை நாளையே பாருங்கள்.

நீங்கள் சாப்பிடுவதாக எழுதியிருக்கும், பெயர் தெரியாத சூரணப் பாக்கெட்டையும் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். அதில் நிலவாகை கலந்திருந்தால் அதுவே பேதியைத் தரும். ஆனால் பேதிக்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்பதற்காகக் கொலோனோஸ்கோபியைத் தள்ளிப்போட வேண்டாம். அவர் முன் உட்கார்ந்ததும் அப்பாவைப் பற்றி முதலில் சொல்லுங்கள். என்னிடம் சொன்னதுபோலக் கடைசியில் வேண்டாம்.