ஒரு ஸ்பிரிங்க்ளர் திறந்தால் வீடு முழுக்கத் தண்ணீர் கொட்டுமா?

வேளச்சேரியில் புது அடுக்குமாடிக்குக் குடிபோகும் நீங்கள் கேட்டது இது: அடுப்படிப் புகைக்கே, தீயை அணைக்கக் கூரையில் வைத்திருக்கும் தண்ணீர்த் தெளிப்பான்களான ஸ்பிரிங்க்ளர் எல்லாம் திறந்து சாமான்கள் நனைந்துவிடுமா?

ஆகாது. சினிமாவில் காட்டுவது வேறு. ஸ்பிரிங்க்ளருக்குப் புகை தெரியாது, சூடுதான் தெரியும். தலைப்பகுதியில் உள்ள சின்னக் கண்ணாடிக் குமிழில் ஒரு திரவம் இருக்கிறது. சூடேறினால் அது விரிந்து கண்ணாடியை உடைக்கும், அடைப்பு விழும், தண்ணீர் பாயும். சிவப்புக் குமிழ் 68 டிகிரி செல்சியஸில் உடையும், மஞ்சள் 79, பச்சை 93. நம்ம ஊர் மே மாத வெயில் நாற்பதைத் தாண்டினாலும் சிவப்புக்கு ஒன்றும் ஆகாது. மொட்டைமாடித் தகரக்கூரைக்கு அடியில் என்றால் மட்டும் யோசிக்க வேண்டும்.

குமிழ் உடைந்த தலை மட்டுமே திறக்கும். வழக்கமான அளவுத் தலை (கே-80 என்பார்கள்) 1 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 80 லிட்டர் விடும். கேட்க அதிகம்தான், ஆனால் தீயணைப்புக் குழாயின் தண்ணீரோடு ஒப்பிட்டால் கொஞ்சம்.

என் கவலை வேறு. தண்ணீர்ப் பஞ்சம் வந்தால் சில குடியிருப்புகளில் தீயணைப்புத் தொட்டியிலிருந்தே வீட்டுக்கு ஏற்றிவிடுகிறார்கள். தீயணைப்புப் பம்பின் பேனலும் ‘ஆட்டோ’வில் இருக்காது, அதாவது தீப்பிடித்தால் பம்பு தானாக ஓடாது. சங்கக் கூட்டத்தில் முதலில் இந்த இரண்டையும் கேளுங்கள். அப்புறம், பெயிண்டர் வந்தால் குமிழ்மேல் பெயிண்ட் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டுவிட்டால் துடைத்துப் பயனில்லை, தலையையே மாற்ற வேண்டும்.